மலரை இபப் ஆக்க எது தோது: இன்டிசைன், ரைட்டர், பாண்டொக்

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் அச்சான கோயில் மலர்களையும் பாடசாலை மலர்களையும் இப்போது கைபேசியில் வாசிக்கக் கேட்கிறார்கள். பிடிஎஃப் இதற்குத் தோதில்லை. எழுத்தைப் பெருப்பித்தால் வரி திரைக்கு வெளியே போய்விடும். திரைக்கேற்ப வரி தானே மடங்கும் மின்னூல் வடிவமான இபப் அல்லது இணையப் பக்க வடிவமான எச்டிஎம்எல்தான் வேண்டும். எந்த மென்பொருளால் ஏற்றுமதி செய்வது என்பதை மூலக்கோப்பின் எழுத்துருதான் தீர்மானிக்கிறது. இங்குள்ள பழைய கோப்புகளில் பெரும் சிக்கல், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி எழுத்துரு.

பாமினியில் 'தமிழ்' என்று தெரிவது கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துருவின் பெயர் தொலைந்தால் எது தமிழ், எது உண்மையான ஆங்கிலம் என்று பிரிக்க வழியில்லை. கோப்பை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கட்டளைவரி மென்பொருளான பாண்டொக், வேர்ட் கோப்பை வாசிக்கும்போது எழுத்துருப் பெயரைக் கைவிட்டுவிடும். ஆகவே பாமினிக் கோப்பை நேரே அதற்குக் கொடுக்கவே கூடாது.

பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வடிவமைத்த மலர் என்றால் அங்கேயே வேலையைத் தொடங்குங்கள். தேடி மாற்றும் வசதியில் பாமினி எழுத்துருவைத் தேடி, அதற்கு ஒரு எழுத்து நடையை, அதாவது கேரக்டர் ஸ்டைலை, இடுங்கள். ஏற்கெனவே தடிப்புக்கு வேறு நடை இட்டிருந்தால் இது அதை அழித்துவிடும். தடித்த பாமினிக்குத் தனி நடை வையுங்கள். பந்தி நடைகளின் 'எக்ஸ்போர்ட் டாகிங்' பகுதியில் தலைப்புக்கு எச்1, உபதலைப்புக்கு எச்2 என்று குறியுங்கள். படச் சட்டத்திலுள்ள நீலச் சதுரத்தை உரிய பந்திக்குள் இழுத்து நங்கூரமிடாவிட்டால், படங்கள் கட்டுரையோடு வராமல் வேறெங்கோ போய் நிற்கும். பிறகு எச்டிஎம்எல்லாக ஏற்றுமதி செய்யுங்கள், இபப் யுனிகோட் மாற்றத்துக்குப் பின்னர். பழைய வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்பென்றால் இன்டிசைன் சிஎஸ்6 அல்லது அதற்கு முந்தியது தேவை, பிந்திய சிசி பதிப்புகள் திறக்காது.

அடுத்து, தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியெண்கள் உள்ள யுனிகோடுக்கு மாற்றம். பாமினிக்கு இட்ட நடை உள்ள துண்டுகளை மட்டும் மாற்ற வேண்டும். எச்டிஎம்எல் மூலத்தை அப்படியே பாமினி-யுனிகோட் மாற்றியில் ஒட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பாமினியில் 'ஈ' இருப்பது 'சிறியது' குறியின் இடத்தில், காற்புள்ளி இருப்பது 'பெரியது' குறியின் இடத்தில். எச்டிஎம்எல் இவ்விரண்டையும் எல்டி, ஜிடி என்ற குறியீடுகளாக எழுதிவைக்கும். மாற்றி அவற்றையும் எழுத்தென்று எடுத்துக்கொள்வதால், ஈச்சங்குளத்தின் 'ஈ' போய் அந்த இடத்தில் 'டவ்' என்று முடியும் ஒரு துண்டு நிற்கும். காற்புள்ளி வரும் இடமெல்லாம் 'பவ்' என்று முடியும் துண்டு முளைக்கும். குறியீடுகளை முதலில் பழைய நிலைக்கு விரித்து, பிறகுதான் மாற்ற வேண்டும்.

வேர்டில் பாமினியாக இருக்கும் கட்டுரைகளுக்கு லிப்ரெஆபிஸ் ரைட்டர் நல்லது. எக்ஸ்எச்டிஎம்எல் ஏற்றுமதியைத் தெரிவுசெய்தால் எழுத்துருப் பெயர் கோப்பின் தோற்ற விவரமான சிஎஸ்எஸ்ஸில் தங்கும்; மாற்றம் முன்சொன்னதுபோலத்தான். 2018இல் வந்த 6.0 பதிப்பிலிருந்து நேரடி இபப் ஏற்றுமதியும் உண்டு. அதில் அத்தியாயத்தைப் பக்க முறிப்பில் அல்லாமல் தலைப்பில் பிரிக்கச் சொல்லுங்கள். சந்தா இல்லை, கட்டளை வரியும் தேவையில்லை. சிறிய அச்சகத்துக்கு இது போதும்.

யுனிகோடில் தட்டெழுதிய வேர்ட் கோப்பென்றால் எங்கள் தெரிவு பாண்டொக்தான். இபப், எச்டிஎம்எல், டாக்புக் என்ற எக்ஸ்எம்எல் வடிவம் ஆகிய ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கட்டளையில் எடுக்கலாம். அடிக்குறிப்புகள் இணைப்போடு வரும், வெற்றுப் பந்திகள் தானாக நீங்கும். ஆனால் 'ஹெடிங் 1' நடை இடாமல் வெறுமனே தடிப்பாக்கிய தலைப்பு அதற்குச் சாதாரண பந்திதான், பொருளடக்கத்தில் ஏறாது.

மாற்றிய கோப்பில் 'கௌரி' என்பது 'கெளரி' என்று ள எழுத்தோடு வந்திருக்கிறதா என்று தேடுங்கள். பாமினியில் இரண்டுக்கும் ஒரே வடிவம் என்பதால் மாற்றியால் பிரித்தறிய முடியாது. 'கொ'வின் உயிர்க்குறி இரண்டு துண்டாகச் சேமிக்கப்பட்டிருந்தால் பார்வைக்குச் சரியாகத் தெரியும், தேடலில் அகப்படாது. துண்டுகளை ஒரே குறியாக்கும் யுனிகோட் முறையான என்எஃப்சி இயல்பாக்கம் செய்தால் ஒன்றாகிவிடும்.