பண்டாஜெ அருவிக்கு வார இறுதி பேக்கேஜ்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

பெங்களூரிலிருந்து வெள்ளி இரவு டெம்போ டிராவலரில் கிளம்பி, சனிக்கிழமை மலையேறி, ஞாயிறு விடியற்காலையில் வீடு திரும்பும் பேக்கேஜுகளில், சிக்கமகளூரு மாவட்டத்தில் பல்லாளராயன துர்கா என்ற மலைக்கோட்டை வழியாகப் பண்டாஜெ அருவிக்குப் போகும் தடமும் ஒன்று. நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகப் போகும் முள்ளய்யனகிரி அளவுக்கு இதற்கு இன்னும் பேர் பரவவில்லை. ஆளுக்கு மூவாயிரத்து ஐந்நூறு ரூபாயை ஒட்டிக் கேட்கிறார்கள். வண்டி, குளித்து உடை மாற்ற ஹோம்ஸ்டே, காலை டிபன், கட்டுச்சோறு, மலையடிவாரம் வரை ஜீப், வனத்துறை டிக்கெட், உள்ளூர் வழிகாட்டி எல்லாம் அதில் அடக்கம். வண்டியும் ஜீப்பும் கிடைப்பதற்கே இந்தப் பணம் தகும். ஆனால் அருவி விழுவதைப் பார்க்கலாம் என்று நம்பிப் பணம் கட்டுகிறவர்களுக்கு ஒரு விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

விளம்பரப் படத்தில் இருநூறு அடி உயரத்திலிருந்து அருவி முழுசாக விழும். பேக்கேஜ் போகும் பாதையில் அந்தக் காட்சி கிடையாது. மூடிகெரே பக்கம் சுங்கசாலேயிலிருந்து ஏறுகிறவர்கள் போய்ச் சேருவது அருவியின் தலைமாட்டுக்கு. காலடியில் ஓடை பாறைமேல் பரவி ஓடும், பத்தடி தள்ளி மலை முடிந்துவிடும், அப்புறம் கீழே சார்மாடி பள்ளத்தாக்கு. அந்த இடத்துக்கு அதற்கே உரிய அழகு உண்டு, அதற்காகவே போகலாம். விழும் நீரைத் தள்ளி நின்று பார்க்க வேண்டுமானால் பெள்தங்கடி பக்கம் வளம்ப்ராவிலிருந்து அடர்காட்டுக்குள் செங்குத்தாக ஏற வேண்டும். அது வேறு பயணம். எந்தப் பக்கம் கூட்டிப் போகிறார்கள் என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

தலைமாட்டுப் பாறையை உற்றுப் பார்த்தால் இரண்டு நிறம் தெரியும். சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருப்பது காய்ந்த பாறை, ஷூ பிடிக்கும். தண்ணீர் மெல்லிசாக வழியும் இடத்தில் கறுத்து வழவழப்பாக இருப்பது பாசி. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஷூவும் அதில் நிற்காது. பாறை அருவி விழும் பக்கமாகத்தான் சரிந்திருக்கிறது. வழுக்கினால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. கால் நனைக்க ஆசையிருந்தால் ஓடையில் மேலே நடந்துபோய், தேங்கி நிற்கும் இடத்தில் நனையுங்கள். விளிம்புக்குப் போகவே வேண்டாம்.

அடுத்தது டிக்கெட். 2024 அக்டோபரில் கர்நாடக வனத்துறை ‘அரண்ய விஹாரா’ இணையதளத்தைத் தொடங்கியதிலிருந்து ஒரு தடத்துக்கு ஒரு நாளைக்கு 300 பேர்தான். ஒரு கைபேசி எண்ணில் பத்துப் பேர் வரை பதிவு செய்யலாம். ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை ஏற்ற வேண்டும். இருபது பேர் கொண்ட குழுவில் கடைசி நிமிஷத்தில் சேருகிறவர்களிடம் “அங்க போய்ப் பாத்துக்கலாம்” என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். உங்கள் பெயர் போட்ட டிக்கெட்டின் பிரதி கைக்கு வந்த பிறகு மீதிப் பணத்தை அனுப்புங்கள். ஆதார் அட்டையை அசலாகவே எடுத்துப் போங்கள்.

நடை, போகவர பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். காலபைரவேஸ்வரர் கோயில் பக்கமிருந்து சோலைக்காட்டு வழியாகக் கோட்டை வரை ஏற்றம். கோட்டை தாண்டினால் வெறும் புல்வெளி. அருவி வரை பெரும்பாலும் இறக்கம், மரநிழல் இல்லை. போகும்போது சுகமாகத் தெரியும் அந்த இறக்கம்தான் திரும்பும்போது உச்சி வெயிலில் ஏற்றமாகிறது. பாதிப் பேர் துவண்டுபோவது இங்கேதான், அதற்குள் தண்ணீரும் தீர்ந்திருக்கும். ஆளுக்கு மூன்று லிட்டர் குறையாமல் வேண்டும். ஏழு மணிக்கு நடக்கத் தொடங்கி, ஒரு மணிக்குள் அருவியை விட்டுக் கிளம்ப வேண்டும். மூடுபனி இறங்கினால் புல்லில் காட்டெருமைத் தடமும் மனிதத் தடமும் ஒன்றுபோல இருக்கும். வழிகாட்டியை முன்னே விட்டுவிட்டுப் பின்தங்காதீர்கள்.

அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை நல்ல காலம். மழை விட்டிருக்கும், ஓடையில் தண்ணீர் இருக்கும். ஜனவரிக்கு மேல் அருவி மெலிந்துவிடும். கோடையில் காட்டுத்தீக்குப் பயந்து தடங்களை மூடுவது வழக்கம்.

மழை ஈரம் காயாத நாட்களில் சோலையில் அட்டை உண்டு. பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகி, சாக்ஸ் மேல் வேப்பெண்ணெய் தடவினால் பெரும்பகுதி ஏறாது. ஓடையில் கால் வைத்ததும் எண்ணெய் போய்விடும், மறுபடி தடவ வேண்டும். கடித்த அட்டையை உப்புப் போட்டோ தீ வைத்தோ விடுவிக்காதீர்கள். அது குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கும். அதன் மெல்லிய முனையின் அடியில் நகத்தை நுழைத்துத் தள்ளினால் பிடி விட்டுவிடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது செலுத்தியிருப்பதால் கொஞ்ச நேரம் கசியும். துணி வைத்து அழுத்தினால் போதும்.

சாப்பாடு சுமார். கட்டுச்சோறு என்று வருவது சித்ரான்னமோ புலாவோ, அளவும் குறைச்சல். வீட்டிலிருந்து புளியோதரை கொண்டுபோவது உத்தமம், மதியம் வரை கெடாது. போகிற வழியில் கொட்டிகெஹாராவில் நீர் தோசை சாப்பிட வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்.

வண்டி ஏறும் இடம் பற்றி ஒரு யோசனை. சில்க் போர்டில் ஏறினால் ஊருக்குள்ளேயே இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். எலெக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா பக்கம் இருப்பவர்கள் மஞ்சள் லைன் மெட்ரோவில் ஆர்.வி. ரோடு வந்து, பச்சை லைனுக்கு மாறி, வண்டி ஊரைவிட்டு வெளியேறும் வழியில் இருக்கும் கொரகுண்டேபாள்யாவில் ஏறிக்கொள்ளலாம். அல்சூர்க்காரர்கள் ஊதா லைனில் வந்து மெஜஸ்டிக்கில் பச்சை லைனுக்கு மாறினால் போதும். கடைசி வரிசை சீட்டை வாங்காதீர்கள். மூடிகெரேக்குப் பிறகு வளைவுகளில் குடல் புரட்டும்.

பணம் கட்டும் முன் இன்னொன்றும் கேளுங்கள்: நீங்கள் மலையில் இருக்கும் நேரத்தில் டிரைவர் எங்கே படுத்துத் தூங்குவார்? அடுத்தடுத்து இரண்டு இரவு ஓட்டுகிறவர் அவர். ஹோம்ஸ்டேயில் அவருக்கு ஒரு கட்டில் உண்டு என்று பதில் வந்தால் பதிவு செய்யலாம். இல்லையென்றால் ஞாயிறு பகலில் திரும்பும் குழுவைத் தேடுங்கள்.