ஃபெராரி டேடோனா: முழுசாகப் புதுப்பிப்பதா, அப்படியே காப்பதா?

1968-இல் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான 365 ஜிடிபி/4 டேடோனா என்ற ஃபெராரி காரை முழுசாகப் புதுப்பிப்பது என்றால் பெயின்ட்டை உரித்து, துருவேறிய தகட்டை வெட்டி மாற்றி, 4.4 லிட்டர் வி12 (12 சிலிண்டர்) எஞ்சினையும், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் ஆறு வெபர் கார்புரேட்டர்களையும் பிரித்துக் கோர்க்க வேண்டும். இத்தாலியின் மாரனெல்லோவில் ஃபெராரியின் பழைய வண்டிகளுக்கான கிளாசிக்கே பிரிவு பழைய பதிவேடுகளோடு ஒப்பிட்டு, எல்லாம் பொருந்தினால் சான்றிதழும் தரும். சரி, ஆனால் இப்படிச் செய்த பல வண்டிகள் ஆலையிலிருந்து வந்த நாளைவிட அதிகமாகப் பளபளக்கின்றன. அது எனக்கு உறுத்துகிறது.

அப்படியே காப்பது வேறு வேலை. பிரேக், எரிபொருள் குழாய், ரப்பர், டயர் இவற்றை மட்டும் சரிசெய்துவிட்டு, மங்கிய பெயின்ட்டையும் வெடித்த தோல் இருக்கையையும் தொடாமல் விட வேண்டும். ஜப்பானில் ஒரு கொட்டகையில் ஏறக்குறைய 40 வருஷம் கிடந்த அலுமினிய உடல் டேடோனா, 2017-இல் தூசியோடேயே சுமார் 18 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது.

வண்டியின் அடிச்சட்டத்தையே துரு தின்றிருந்தால் புதுப்பிக்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை. உலோகம் உறுதியாக இருந்தால் பெயின்ட்டில் கை வைக்காதீர்கள், ஒருமுறை சுரண்டிவிட்டால் அந்தக் காலத்துப் பூச்சு திரும்ப வராது.