வேளச்சேரி பறக்கும் ரயில்: பல வருடப் பயணியின் அனுபவம்

சென்னை வேளச்சேரியில் குடியேறியதிலிருந்து வேலைக்குப் போய்வர எனக்கு, தூண்கள் மேல் போட்ட பாதையில் ஓடும் பறக்கும் ரயில்தான். குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். காலை ஒன்பது மணிக்கு விஜயநகர் பக்கம் பஸ் ஊர்ந்துகொண்டிருக்கும்போது, ரயில் தலைக்கு மேலே தன் பாட்டுக்குப் போய்விடும். திருவான்மியூரில் அடையாள அட்டை மாட்டிய கூட்டம் மொத்தமாக இறங்கியதும்தான் மூச்சுவிட இடம் கிடைக்கும். அவர்களில் பலருக்கு டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகத்திலும் அதைச் சுற்றியும் வேலை.

டைடல் பார்க் திறந்தது 2000-இல். அப்போது ரயில் மயிலாப்பூரோடு நின்றிருந்தது. திருவான்மியூருக்கு 2004-இல்தான் வந்தது, வேளச்சேரிக்கு 2007-இல். வேலை முதலில், ரயில் அப்புறம். இடைப்பட்ட வருடங்களில் பைக்கும் காரும் வாங்கியவர்களில் எத்தனை பேர் ரயிலுக்கு மாறியிருப்பார்கள்? டைடல் பார்க் இருக்கும் ராஜீவ் காந்தி சாலையின் நெரிசலுக்கு இந்தத் தாமதமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ரயிலைப் பற்றி எனக்குக் குறை அதிகம் இல்லை. குறையெல்லாம் நிலையத்துக்கு வெளியே. பாதையில் பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே போகிறது. அதனால் பல நிலையங்கள் கடைத்தெருவுக்கு முதுகைக் காட்டி நிற்கின்றன. கட்டடமோ பிரம்மாண்டம்; உள்ளே தளம் தளமாகக் காலி இடம். நான் இறங்கும் நிலையத்தில் மாலை ஏழு மணிக்கு மேல் படிக்கட்டில் பாதி விளக்கு எரியாது. கூட வரும் பெண்கள் நாலைந்து பேர் சேரும்வரை நடைமேடையிலேயே காத்திருந்து ஒன்றாக இறங்குவார்கள். மயிலாப்பூரின் திருமயிலை நிலையத்தில் அந்தக் கவலை இல்லை. லஸ் கடைப்பகுதி பக்கத்திலேயே இருப்பதால் இறங்கியதும் கடைவீதி, பஸ், ஆட்டோ எல்லாம் கைக்கெட்டும். நிலையமும் தெருவும் ஒட்டினால்தான் அந்த இடம் ஊராகிறது.

கடற்கரை நிலையத்துக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது ரயில் பாதை போடும் வேலைக்காக 2023 ஆகஸ்டிலிருந்து 2024 அக்டோபர் வரை கடற்கரை–சிந்தாதிரிப்பேட்டை நிலையங்களுக்கு இடையே பறக்கும் ரயில் ஓடவில்லை. கடற்கரை நிலையத்துக்கு அருகே பாரிமுனையில் வேலை பார்ப்பவர்கள் பாதி வழியில் இறங்கி பஸ் தேடினார்கள். செலவும் கூடியது, நேரமும் போனது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு 5 கிலோமீட்டர்தான். பாதையை அதுவரை நீட்ட 2008-இல் தொடங்கிய வேலை, ஆதம்பாக்கத்தில் அரை கிலோமீட்டர் நிலத்துக்காக வருடக்கணக்கில் முடங்கியது.

இந்த ரயிலை நம்பி வீடு பார்க்கிறவர்களுக்கு: தாராளமாக வாருங்கள். ஆனால் ‘ஸ்டேஷன் பக்கம்’ என்று புரோக்கர் சொல்வதை அப்படியே நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இரவு எட்டு மணிக்கு நிலையத்திலிருந்து அந்த வீடு வரை ஒருமுறை நடந்து பாருங்கள். முடிந்தால் மழை நாளில்.