ஃபயர்வால் ஆன் என்ற ஸ்க்ரீன்ஷாட்டை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

மன்னார்குடி பக்கம் நெல் அறுவடை வண்டி வாடகைக்கு விடுகிறோம். எந்த ஊருக்கு எந்த வண்டி, யாருக்கு எத்தனை மணிக்கு என்பதெல்லாம் வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன உபுண்டு (லினக்ஸ்) சர்வரில்தான் ஓடுகிறது. அதைப் பாதுகாப்பாக்கித் தருகிறேன் என்று தஞ்சாவூரிலிருந்து வந்த ஒருவர் 35,000 ரூபாய் வாங்கினார். பன்னிரண்டு பக்க ரிப்போர்ட், எல்லாவற்றுக்கும் பச்சை டிக். வெளியாட்களைத் தடுக்கும் ஃபயர்வால் ஓடுவதற்கு ஸ்க்ரீன்ஷாட்டும் இருந்தது.

பொங்கல் முடிந்து சம்பா அறுப்பு சூடு பிடித்த வாரம் புக்கிங் பக்கம் திறக்கவே இல்லை. வயலில் கதிர் சாய்ந்து கிடக்கிறது, வண்டி எங்கே என்று காலை ஐந்து மணியிலிருந்து போன்.

அக்கா மகன் உள்ளே போய்ப் பார்த்தான். சிபியு முழுவதையும் ஒரே புராசஸ் தின்றுகொண்டிருந்தது: கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்ஐ (kdevtmpfsi). "மாமா, கடைசியில ஒரு 'ஐ' இருக்கு பாருங்க. அது இல்லாட்டி சிஸ்டத்தோட மையமான கெர்னலோட சொந்த புராசஸ். இது கிரிப்டோ மைனர், நம்ம சர்வரை வச்சு எவனோ கிரிப்டோ காசு எடுக்குறான்" என்றான்.

எப்படி வந்தது? புக்கிங் தகவலை வைத்திருக்கும் ரெடிஸ் என்ற டேட்டாபேஸை அந்த ஆள் டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிபோல் வைத்து ஓட்டும் கருவி) போட்டு, அதற்குள் நுழையும் வாசலான 6379 போர்ட்டை அப்படியே வெளியே திறந்து வைத்திருக்கிறார், பாஸ்வேர்டு கிடையாது. ஃபயர்வால் உண்மையிலேயே ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் டாக்கர் தனக்கென்று ஐபிடேபிள்ஸ் விதிகளை (லினக்ஸில் எதை உள்ளே விடுவது என்று சொல்லும் விதிகள்) எழுதிக்கொள்வதால், அது திறக்கும் போர்ட்டை யூஎஃப்டபிள்யூ என்ற அந்த ஃபயர்வால் தடுக்காது. சர்வரை பலப்படுத்தத் தெரியும் என்று காசு வாங்குகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? அக்கா மகன் என் கண்முன்னே போன் ஹாட்ஸ்பாட்டிலிருந்து ரெடிஸுக்குள் போய் 'பிங்' என்று அடித்தான். 'பாங்' என்று பதில் வந்தது, அதாவது வெளியிலிருந்து யாரும் உள்ளே போகலாம். அன்றைய புக்கிங், விவசாயிகளின் பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் அங்கேதான் இருந்தன. எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

அப்புறம் தோண்டத் தோண்ட வந்தது. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கில், வெறும் பாஸ்வேர்டு போட்டே எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) மூலம் நுழைய முடிந்தது. தப்புப் பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கிறவர்களைத் தடுக்கும் ஃபெயில்டுபேன் ரிப்போர்ட்டில் இருந்தது, சர்வரில் இல்லவே இல்லை. பாஸ்வேர்டு இல்லாமல் யார் யார் உள்ளே வரலாம் என்று சொல்லும் சாவி ஃபைலில் நான்கு சாவி. என்னுடையது ஒன்று, மற்ற மூன்றும் யாருடையதோ.

போன் செய்தால், "அண்ணே, அது க்ளவுடு கம்பெனி பொறுப்பு" என்கிறார். வாடகை சர்வரில் உள்ளே ஓடும் சிஸ்டத்துக்கு நாம்தான் பொறுப்பு. அதைப் பார்க்கத்தானே அவருக்குப் பணம் கொடுத்தேன்?

நீங்கள் யாரிடமாவது இந்த வேலையைக் கொடுத்தால், முழுப் பணத்தையும் கொடுக்கும் முன் வேறொரு இணைப்பிலிருந்து என்மேப் என்ற சோதனைக் கருவியை ஓட்டி, எந்தெந்த போர்ட் திறந்திருக்கிறது என்று உங்கள் முன்னால் காட்டச் சொல்லுங்கள். சாவி ஃபைலை வரி வரியாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அந்த சர்வரை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டோம். ரெடிஸ் இப்போது 127.0.0.1-இல் (அந்த சர்வருக்குள்ளிருந்து மட்டுமே தொட முடிகிற முகவரி) மட்டும், பாஸ்வேர்டோடு. பணம் திரும்பி வரவில்லை. விவசாயிகள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, எங்கள் பெயரைச் சொல்லி யார் ஓடிபி கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.