தண்டவாளத்தில் மின்சாரமா, எஞ்சினுக்குள் பேட்டரியா?

வீட்டுத் தோட்டத்தில் ஓட்டும் மாதிரி ரயிலுக்குப் பாதை போடும் முன்பே இதை முடிவு செய்துவிடுவது நல்லது. 1968-ல் ஜெர்மனியின் நூரம்பெர்க்கிலிருந்து எல்ஜிபி என்ற மாதிரி ரயில் பிராண்டு கொண்டுவந்த 45 மில்லிமீட்டர் பாதையில் பழைய வழக்கம், பித்தளைத் தண்டவாளம் வழியாக மின்சாரம். (இந்த மாதிரிகள் அசலில் 22.5-ல் ஒரு பங்கு; ஊட்டி மலை ரயிலின் மீட்டர் கேஜை, அதாவது ஒரு மீட்டர் அகலப் பாதையை, 22.5-ஆல் வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட இதே அகலம் வரும்.)

எஞ்சினை வைத்துத் திருகியைத் திருப்பினால் ஓடும்; நாள் முழுக்க ஓடும். அதுதான் இதன் சுகம். ஆனால் வெளியில் கிடக்கும் பித்தளை கறுக்கும். அதன்மேல் இலைச்சாறு, நத்தை ஊர்ந்த பிசுக்கு. எஞ்சின் விக்கி விக்கி நிற்கும். தேய்ப்புக் கட்டையோடு பாதை நெடுகக் குனிந்து போனால் இருபது மீட்டரில் இடுப்பு பேச ஆரம்பிக்கும். இணைப்புத் தகடு தளர்ந்தால் தூரத்து மூலையில் வேகம் சாகும். அங்கே தனி வயர் இழுக்க வேண்டும்.

பேட்டரியும் ரேடியோ ரிமோட்டும் என்றால் தண்டவாளம் வெறும் தடம். மலிவான அலுமினியமே போதும், துடைப்பத்தால் சருகைத் தள்ளினால் வேலை முடிந்தது. குறை எஞ்சினுக்குள்தான்: சின்ன எஞ்சினில் பேட்டரிக்கு இடமிருக்காது, பின்னால் ஒரு பெட்டியில் ஒளிக்க வேண்டும். சார்ஜ் தீர்வதும் சரியாகப் புதருக்குள் போன பிறகுதான்.

திண்ணையோரச் சின்ன வட்டத்துக்கு மின்சாரம் சரி. மரத்தடியில் நீளப் பாதை என்றால் யோசிக்காமல் பேட்டரி. ஜல்லி சரிவதும் களை முளைப்பதும் இரண்டிலும் ஒன்றுதான்.