ஒரே விமானம், ஒரே 25 நிமிடம், இரண்டு விதமான வேலை: சவுத்வெஸ்ட்டும் ரயன்ஏரும்

என் சித்தி மகள் கேபின் க்ரூ, அதாவது விமானப் பணியாளர், வேலைக்கான தேர்வுக்குத் தயாராகிறாள். போன வாரம் என்னிடம் கேட்டாள்: "பட்ஜெட் கம்பெனின்னா கசக்கிப் பிழிஞ்சிடுவாங்களாமே அக்கா, நெஜமா?"

நான் ஆறு வருடம் ஒரு பட்ஜெட் விமான நிறுவனத்தில் கேபின் க்ரூவாக இருந்தவள். விமானம் வந்து நின்றதும் மீண்டும் கிளம்புவதற்கு எங்களுக்கு இருந்தது ஏறத்தாழ அரை மணி நேரம். அதற்குள் கடைசிப் பயணி இறங்க வேண்டும். இருக்கை இருக்கையாகக் குப்பை பொறுக்கி, பெல்ட்டுகளை மடித்துப் போட்டு, யாரும் எதையும் விட்டுப் போயிருக்கிறார்களா என்று பார்த்து முடிப்பதற்குள் அடுத்த கூட்டம் வாசலில் நிற்கும். ஒரு நாளைக்கு நாலு செக்டார், அதாவது நாலு பயணம். தயிர்சாதத்தை நின்றபடியே நாலு வாய் போட்டுக்கொண்ட நாட்கள்தான் அதிகம். அவளுக்கு 'ஆமாம்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அது முழு உண்மை இல்லை. இந்தத் தொழிலுக்கு முன்மாதிரியான அமெரிக்காவின் சவுத்வெஸ்ட்டையும், அதைப் பார்த்துப் படித்த அயர்லாந்தின் ரயன்ஏரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கசக்கிப் பிழிவது தொழிலின் விதி இல்லை என்பது தெரியும்.

முதலில், இரண்டுக்கும் பொதுவானது. சவுத்வெஸ்ட் 1971 ஜூன் 18 அன்று டெக்சாஸில் மூன்று விமானங்களோடு பறக்கத் தொடங்கியது. பிறகு நாலாவது விமானமும் வந்து சேர்ந்தது. அடுத்த வருடம் கையில் காசில்லாமல், அந்த நாலில் ஒன்றை விற்க வேண்டி வந்தது. ஆனால் அட்டவணையைக் குறைக்கவில்லை. மூன்று விமானத்தை வைத்தே நாலின் வேலையை முடிக்க, தரையில் நிற்கும் நேரத்தைப் பத்து நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். பட்ஜெட் விமானத் தொழிலின் அடிப்படையே அதுதான்: விமானம் காற்றில் இருந்தால் வருமானம், தரையில் நின்றால் செலவு. 1990களின் தொடக்கத்தில் ரயன்ஏரின் மைக்கேல் ஓலியரி அமெரிக்கா போய் இதை நேரில் பார்த்துவிட்டு வந்தார். ஒரே வகை போயிங் 737, வந்து நின்ற 25 நிமிடத்தில் மீண்டும் கிளம்புவது, கூட்டம் குறைந்த விமான நிலையங்கள் என்று அவர் ஐரோப்பாவுக்கு எடுத்துப் போன பாடம் எல்லாம் அங்கிருந்து வந்தது. 1994இல் ரயன்ஏரின் தலைமைப் பொறுப்புக்கும் வந்தார்.

விமானங்களைப் பற்றிய பாடத்தை எடுத்துக்கொண்டவர், ஊழியர்களைப் பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு இந்த அலசலில் முக்கியமாகப் படுவது இதுதான்.

சவுத்வெஸ்ட்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹெர்ப் கெல்லஹர் முதலில் ஊழியர், அடுத்து பயணி, அப்புறம்தான் பங்குதாரர் என்று வெளிப்படையாகச் சொன்னவர். பேச்சோடு நிற்கவும் இல்லை. லாபத்தில் ஊழியர்களுக்குப் பங்கு கொடுக்கும் திட்டம் 1970களிலேயே வந்துவிட்டது. ஊழியர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் தொழிற்சங்கத்தில் இருக்கிறார்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு மற்ற அமெரிக்க நிறுவனங்கள் பல்லாயிரக்கணக்கில் ஆட்களை வெளியே அனுப்பியபோது, இங்கே ஒருவரையும் அனுப்பவில்லை. இத்தனைக்கும் டிக்கெட் மலிவாகத்தான் இருந்தது, லாபமும் வந்தது.

ரயன்ஏரில் கதை வேறு. பல வருடங்கள் பெரும்பகுதி க்ரூ நேரடி ஊழியர்களாகவே இல்லை. க்ரூலிங்க் போன்ற ஏஜென்சிகள் வழியாக வந்தவர்கள். பயிற்சிக்கான பணத்தையும் அவர்களே கட்ட வேண்டியிருந்த காலம் உண்டு. பெல்ஜியத்தின் ஷார்லருவாவில் தங்கி, அங்கிருந்தே பறந்து, அங்கேயே திரும்பும் ஒரு பெண்ணின் ஒப்பந்தம் அப்போது அயர்லாந்துச் சட்டப்படி இருந்தது. பிரச்சினை என்றால் அயர்லாந்து நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. வேலை ஒரு நாட்டில், நியாயம் கேட்க வேறு நாடு! 2017 செப்டம்பர் 14 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், வழக்கமாக எங்கிருந்து வேலை செய்கிறார்களோ அந்த நாட்டு நீதிமன்றத்திலேயே அவர்கள் வழக்குப் போடலாம் என்று தீர்ப்பளித்தது.

அதே செப்டம்பரில்தான் ரயன்ஏரின் ரோஸ்டர், அதாவது யாருக்கு என்று வேலை என்ற அட்டவணை, சரிந்தது. விமானிகளின் விடுப்புக் கணக்கு குளறுபடியாகி, முதலில் ஆறு வாரத்துக்குச் சுமார் 2,100 விமானங்கள், பிறகு குளிர்காலத்துக்கு இன்னும் 18,000 விமானங்கள் ரத்தாயின. விமானிகளுக்கு அப்போதுதான் தங்கள் பலம் புரிந்தது. முப்பது வருடத்துக்கு மேல் சங்கம் என்ற பேச்சையே ஏற்காத நிறுவனம், கிறிஸ்துமஸ் வேலைநிறுத்தம் வந்துவிடும் என்ற நிலையில், டிசம்பர் 2017இல் சங்கங்களை அங்கீகரிக்கச் சம்மதித்தது. 2018 ஜூலையில் ஸ்பெயின், போர்ச்சுகல், பெல்ஜியம் நாட்டு கேபின் க்ரூவும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வேலை செய்யும் நாட்டுச் சட்டப்படி ஒப்பந்தம் வேண்டும் என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கை. அதன் பிறகு பல நாடுகளில் அப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் வந்தன.

2025 டிசம்பரில் விமானிகளின் ஓய்வு நேர விதிகள் மாறியபோது இண்டிகோவில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தானதைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய கதையாகத் தெரியும். இருக்கிற ஆட்களை வைத்தே ஓட்டிவிடலாம் என்று போட்ட கணக்கு எங்கேயும் இப்படித்தான் ஒரு நாள் உடைகிறது.

அன்றாட வேலைக்கு வருவோம். கேபினில் சுமை பெரிதாக மாறாது. இரண்டு நாட்டிலும் 50 இருக்கைக்கு ஒருவர் என்பதுதான் விதி. சவுத்வெஸ்ட்டின் 737-800இல் 175 இருக்கைக்கு நாலு பேர். ரயன்ஏரின் 737-8200இல் 197 இருக்கைக்கும் அதே நாலு பேர். சம்பளக் கணக்கில்தான் வித்தியாசம். சவுத்வெஸ்ட்டில் 'ட்ரிப்' என்றொரு அலகு: 243 மைல் பறந்தால் ஒரு ட்ரிப், தூரம் கூடினால் அதற்கேற்ப ஏறும். 2024 ஏப்ரலில் கேபின் க்ரூ சங்கம் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்தில் உடனடி உயர்வே 22 சதவீதத்துக்கு மேல். ரயன்ஏரில் அடிப்படைச் சம்பளம், பறக்கும் நேரத்துக்கான தொகை, அதற்கு மேல் விற்பனைக் கமிஷன். சாண்ட்விச், வாசனைத் திரவியம், சுரண்டல் லாட்டரிச் சீட்டு வரை க்ரூ விற்க வேண்டும். பாதுகாப்புக்காக இருப்பவள் விற்பனைக் கணக்கையும் நினைத்துக்கொண்டு நடப்பது எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் ரயன்ஏரை மனசாரப் பாராட்ட வேண்டும். கிளம்பிய ஊருக்கே அன்று இரவு திரும்பிவிடும்படிதான் அவர்கள் ரோஸ்டர் போடுகிறார்கள். கேபின் க்ரூவுக்குப் பெரும்பாலும் ஐந்து நாள் வேலை, மூன்று நாள் விடுமுறை என்று ஒரு முறை. ஹோட்டல் செலவை மிச்சம் பிடிக்கச் செய்ததுதான். ஆனாலும் தன் வீட்டில், தன் கட்டிலில் தூங்கலாம். சவுத்வெஸ்ட்டில் கிளம்பினால் பல நேரம் மூன்று நாலு நாள் தொடர்ந்து வெளியூர்தான், இரவில் ஹோட்டல். புதிதாகச் சேருகிறவர்கள் ரிசர்வில் எப்போது அழைப்பு வரும் என்று காத்திருக்க வேண்டும். நல்ல ரோஸ்டர் எல்லாம் மூப்பு உள்ளவர்களுக்கே போகும். குழந்தை இருக்கும் பெண்ணுக்கு எது பெரியது என்று கேட்டால், தினமும் வீடு என்பதை நான் சம்பள உயர்வுக்குச் சமமாக வைப்பேன்.

நெருக்கடியில் இரண்டுமே ஊழியரைக் கைவிட்டிருக்கின்றன. 2018 அக்டோபரில் புயலால் திருப்பிவிடப்பட்ட 24 ரயன்ஏர் ஊழியர்கள் ஸ்பெயினின் மலாகாவில் ஹோட்டல் இல்லாமல் ஓர் அறையில் இரவைக் கழித்தார்கள். தரையில் படுத்திருப்பது போல வெளியான படம் வேண்டுமென்றே எடுத்தது என்று சொல்லி ஆறு பேரை நிறுவனம் வேலையைவிட்டு எடுத்தது. படம் ஏற்பாடாக இருக்கலாம். ஹோட்டல் கிடைக்காதது ஏற்பாடு இல்லையே! 2022 டிசம்பரில் பனிப்புயலில் சவுத்வெஸ்ட்டின் பழைய ரோஸ்டர் மென்பொருள் திணறி, 16,000க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. எந்த ஊழியர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதே நிறுவனத்துக்குத் தெரியாமல், அவர்கள் மணிக்கணக்கில் போனில் காத்திருந்தார்கள். நன்றாக நடத்துவதாகப் பெயரெடுத்த நிறுவனம் அந்த மென்பொருளில் முன்பே செலவு செய்திருக்க வேண்டும்.

அந்தப் பெயருக்கும் இப்போது அடி விழுந்திருக்கிறது. எலியட் என்ற முதலீட்டு நிறுவனம் பங்குகளை வாங்கி நெருக்கடி கொடுத்த பிறகு, 2025 பிப்ரவரியில் 1,750 அலுவலகப் பணியிடங்களைக் குறைப்பதாகச் சவுத்வெஸ்ட் அறிவித்தது. அதன் வரலாற்றில் அப்படியொரு பணிநீக்கம் அதுதான் முதல் முறை. பங்குதாரர் வரிசையில் முன்னால் வந்துவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. இதையும் சேர்த்துப் பார்த்தாலும், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் சவுத்வெஸ்ட்டையே எடுப்பேன். ஹோட்டல் இரவுகளைத் தாங்கிக்கொள்ளலாம். குறையைச் சொல்லப் பக்கத்தில் ஒரு சங்கம் இல்லாத வேலையை நான் பார்த்துவிட்டேன்.

சித்தி மகளிடம் சம்பளத்தைக் கடைசியாகக் கேள் என்று சொல்லியிருக்கிறேன். முதலில் கேட்க வேண்டியவற்றை அவளே போனில் எழுதி வைத்துக்கொண்டாள்: ஒப்பந்தம் யாருடைய பெயரில் இருக்கும், ஏஜென்சியா நிறுவனமா? வேலையை விட மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கும் பாண்டு எத்தனை வருடம்? அழைப்புக்காகக் காத்திருக்கும் ஸ்டாண்ட்பை நாளுக்குக் காசு உண்டா? விடியற்காலை மூணு மணிக்கு வீட்டு வாசலுக்கு வண்டி வருமா? வேறு ஊரில் மாட்டிக்கொண்டால் அன்று ராத்திரி ஹோட்டல் யார் போடுவார்கள்?