எட்டு மாதம், ஒரே சைக்கிள்: ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங்குக்குப் போனில் பேசிப் பழகிய அனுபவம்

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வு வழியாகப் போனால், அதில் ஸ்பீக்கிங்கில், அதாவது பேச்சுத் தேர்வில், 7 வேண்டும். முதல் முறை எனக்கு வந்தது 5.5. அதன்பிறகு எட்டு மாதம், போனில் இருக்கிற சாதாரண வாய்ஸ் ரெக்கார்டரை மட்டும் வைத்துப் பழகினேன். அடுத்த முறை 7 வந்துவிட்டது. அதிகம் பதிவு செய்தது சைக்கிள் தலைப்பைத்தான். அதனால் அதை வைத்தே சொல்கிறேன்.

ஸ்பீக்கிங் தேர்வு மொத்தம் 11 முதல் 14 நிமிடம். முதல் பகுதியில் நம்மைப் பற்றிய சின்னக் கேள்விகள்: சின்ன வயதில் சைக்கிள் இருந்ததா, இப்போது ஓட்டுகிறீர்களா, இந்த மாதிரி. இரண்டாவதில் தலைப்பு எழுதிய ஒரு அட்டை தருவார்கள். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு இரண்டு நிமிடம் வரை நாமே பேச வேண்டும். மூன்றாவதில் அதையொட்டிக் கொஞ்சம் பெரிய கேள்விகள்.

முதல் முறை, ஒரு பயிற்சி வகுப்பில் அச்சடித்துக் கொடுத்த பதிலை மனப்பாடம் செய்திருந்தேன். சைக்கிள் சுற்றுச்சூழலுக்கு நல்லது, உடம்புக்கு நல்லது, செலவில்லை. "கடைசியாக எப்போது ஓட்டினீர்கள், எங்கே போனீர்கள்" என்று கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது. அச்சடித்த தாளில் நான் எங்கேயும் போயிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மொட்டை மாடியில் உட்கார்ந்து முதல் பதிவு போட்டேன். 38 வினாடி. அதற்குள் 'ஆக்சுவலி' பதினொரு தடவை. கேட்கவே கஷ்டமாக இருந்தது. அன்றைக்கு ராத்திரி வேறொன்று தோன்றியது. அதே கேள்விக்குத் தமிழில் பதில் சொல்லிப் பார்த்தேன். நாலு நிமிடம் தாண்டிப் போனது!

பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள். கன்னங்குறிச்சியிலிருந்து பள்ளிக்கூடம். பின்னால் கேரியரில் தோழி. மூக்கனேரிப் பக்கம் ஒருநாள் துப்பட்டா செயினில் சிக்கிக்கொண்டது. இரண்டு பேரும் ரோட்டோரம் உட்கார்ந்து பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, கிழியாமல் ஒவ்வொரு பல்லாக விடுவித்தோம். கையெல்லாம் கறுப்பு மசகு. இவ்வளவு விஷயம் எனக்குள் இருக்கும்போது, நான் எதற்கு யாரோ எழுதின வரியைத் தேடிக்கொண்டிருந்தேன்?

அன்றிலிருந்து முறை இதுதான். முதலில் தமிழில் ஒரு பதிவு. அப்புறம் அதை வரிக்கு வரி மொழிபெயர்க்காமல், அதே சம்பவத்தை இங்கிலீஷில் ஒரு பதிவு. எங்கே தடுக்கிறதோ அந்த இடத்துக்கான சொல்லை மட்டும் தேடிக் கற்றுக்கொள்வேன். மூன்று நாள் கழித்து, குறிப்பைப் பார்க்காமல் மறுபடி.

செயின் கழன்றதற்கு 'தி செயின் கேம் ஆஃப்' என்பது அப்படித்தான் கிடைத்தது. பஞ்சர் ஒட்டுவதை வர்ணிக்க எங்கள் தெரு சைக்கிள் கடைக்கே போய் நின்றேன். "அண்ணா, ஒருதரம் மெதுவாகச் செய்து காட்டுங்கள்" என்றதும் அவர் டியூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கி, குமிழி வரும் இடத்தில் விரலை வைத்து, "இங்கே பாரும்மா" என்றார். துடைத்து, அரத்தால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, காயவிட்டு, ஒட்டு. அடுத்து என்ன, அதற்கடுத்து என்ன என்று வரிசை தானாக வந்துவிட்டதால் பேச்சு எங்கேயும் நிற்கவில்லை. என் முதல் முழு இரண்டு நிமிடப் பதிவு அதுதான்.

திரும்பக் கேட்டதில் பிடிபட்ட பிழைகளில் மூன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நமக்கு பைக் என்றால் மோட்டார் வண்டி. அவர்கள் பைக் என்று கேட்பது பெரும்பாலும் சைக்கிளைத்தான். 'யூஸ்ட் டு' என்பது இப்போது விட்டுவிட்ட பழக்கத்துக்கு. தினமும் பஸ்ஸில் போகிறேன் என்று சொல்ல அதைப் போட்டால், முன்பு போனேன், இப்போது இல்லை என்று ஆகிவிடும். நம்மில் நிறைய பேர் செய்கிற பிழை இது. அப்புறம் உச்சரிப்பு. 'பை-சைக்கிள்' இல்லை, 'பைசிக்கிள்'. அழுத்தம் முதல் அசையில்.

மூன்றாம் பகுதிக்கும் ஊர்தான் கைகொடுத்தது. நகரங்களில் ஏன் சைக்கிள் குறைந்தது என்ற கேள்விக்கு சேலம் ஐந்து ரோட்டில் சாயங்காலம் நான் பார்ப்பதைச் சொல்லிப் பழகினேன். மேம்பாலம் இருக்கிறது, சைக்கிளுக்கென்று ஒரு ஓரம் இல்லை. ஞாயிறு காலையில் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவையும் மிதித்து ஏறுகிறவர்களை வைத்து, சைக்கிள் சிலருக்குப் பொழுதுபோக்காகவும் சிலருக்கு வேலைக்குப் போகும் ஒரே வழியாகவும் இருப்பதைப் பேசினேன். அரசு சைக்கிள் கொடுப்பதால் தூரத்துப் பெண்பிள்ளைகள் பள்ளியை விடாமல் வர முடிகிறது என்பதும் நானே வாழ்ந்த உண்மை. அதைச் சொல்லும்போது குரலில் தயக்கமே இல்லை.

குறைகளும் உண்டு. ரெக்கார்டர் யாரையும் திருத்தாது. நமக்கே தெரியாத பிழை எட்டு மாதமானாலும் அப்படியே இருக்கும். ஐந்தாவது மாதம், இங்கிலாந்தில் வேலை பார்க்கிற எங்கள் சீனியர் அக்காவுக்குச் சில பதிவுகளை அனுப்பினேன். நான் 'வீல்' என்று சொல்வதில் உதடு குவியவே இல்லை என்று அவர்தான் கண்டுபிடித்தார். முதல் மாதமே அனுப்பியிருக்க வேண்டும். இன்னொன்று, ஒரே கதையைப் பத்துத் தடவைக்கு மேல் பதிவு செய்தால் அதுவும் மனப்பாடமாகிவிடுகிறது. எனக்கு ஆறோடு நிறுத்துவது சரியாக வந்தது.

இரண்டாவது தேர்வில் சைக்கிள் அட்டை வரவில்லை. சின்ன வயதில் கற்றுக்கொண்ட ஒரு திறமை பற்றிக் கேட்டார்கள். அப்பாவின் பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியதைச் சொன்னேன். தேர்வாளர் போதும் என்று கை காட்டியபோது நான் இன்னும் தெருமுனைகூடத் திரும்பியிருக்கவில்லை.